பசி போகவில்லை: அனோரெக்சியாவை அடையாளம் காண்பது

மே மாதத்து மதியம். வெளியே அனல். கூடத்தில் எல்லோரும் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டிருக்க, பிளஸ் டூ முடித்த பெண் மட்டும் முழுக்கைச் சட்டையோடு ஓரமாக உட்கார்ந்து, "ஃபேனைக் கொஞ்சம் குறைங்கம்மா, குளிருது" என்கிறாள். காலையில் யூடியூப் பார்த்துத் தானே கேரட் அல்வா கிளறினாள். எல்லோருக்கும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க சித்தி" என்று உபசரித்தாள். உனக்கு எங்கே என்று கேட்டால், "கிளறும்போதே சாப்பிட்டேன்." சித்திக்குப் பூரிப்பு. "எவ்வளவு பொறுப்பா ஆயிட்டா! உடம்பும் நல்லா குறைஞ்சு சிக்குன்னு இருக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்.

இது ஒரே வீட்டில் நடந்ததல்ல, பல வீடுகளில் கேட்டதைக் கோத்தது. குளிர்வது, ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுத் தான் தொடாமலிருப்பது, 'ஏற்கெனவே சாப்பிட்டேன்' என்பது எல்லாம் தனித்தனி விஷயங்கள்போலத் தெரியும். ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அந்தப் பெண்ணின் உடல் பட்டினி கிடக்கிறது. அதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர். சித்தியின் பாராட்டு அந்த நோய்க்குக் கிடைத்த ஊட்டம். பாவம், அவருக்கு அது தெரியாது.

பெயரிலேயே ஒரு பிழை

கிரேக்கத்தில் 'ஓரெக்சிஸ்' என்றால் உணவு நாட்டம். முன்னால் 'அன்' சேர்த்தால் அது இல்லாமை. விக்டோரியா அரசியின் மருத்துவர்களில் ஒருவரான வில்லியம் கல் 1870-களில் லண்டனில் இந்தப் பெயரை வைத்தார். அதே காலத்தில், 1873-இல், பாரிஸில் சார்ல் லாசேக் என்ற மருத்துவரும் இதே நோயைத் தன் பங்குக்கு விவரித்தார். இவர்களுக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. 1689-இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் வெளியிட்ட நூலில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் வருகிறாள். காசநோய்க்காரர்போல உருகிக்கொண்டே போகிறாள், ஆனால் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. 'எல்லாம் இந்த இன்ஸ்டாகிராமால் வந்தது' என்று சொல்பவர்கள் இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ரீல்ஸ் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றலாம். அடுப்பு அதற்கு முன்பே இருந்தது.

தமிழில் இதைப் 'பசியின்மை' என்று மொழிபெயர்த்தோம், பிழையும் கூடவே வந்துவிட்டது. நமக்குப் பசியின்மை என்றால் காய்ச்சலில் வாய் கசந்து கஞ்சியைத் தள்ளுவது. அதற்கு இஞ்சிச் சாறு உண்டு, பசியெடுக்க டானிக் உண்டு. அனோரெக்சியாவில் பசி போய்விடுவதில்லை, அதிலும் ஆரம்ப நாட்களில். வயிறு கேட்கிறது, மனம் தர மறுக்கிறது. அந்த மறுப்பைக் கடைப்பிடிப்பதே அன்றைய முழுநேர வேலையாகிவிடுகிறது. டானிக் பாட்டிலால் இங்கே ஒன்றும் ஆகாது.

மருத்துவர்கள் இன்று மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். உடலுக்குத் தேவையானதைவிட மிகக் குறைவாக உண்டு, வயதுக்கும் உயரத்துக்கும் பொருந்தாத அளவு எடை குறைந்திருப்பது ஒன்று. எடை கூடிவிடுமோ என்ற கடுமையான பயம், அல்லது கூடாமல் பார்த்துக்கொள்ளும் ஓயாத முயற்சி இன்னொன்று. மூன்றாவது, தன் உடலைத் தானே சரியாகப் பார்க்க முடியாமல் போவது. எலும்பு தெரிகிற கையைக் காட்டி 'இங்கே சதை தொங்குது பார்' என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. முன்பெல்லாம் மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனையாக இருந்தது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டது. ஆண்களுக்கும் இந்த நோய் வருகிறதே, அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

36 இளைஞர்களும் சமையல் புத்தகங்களும்

இந்த நோயைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியது, இந்த நோயே இல்லாதவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 ஆரோக்கியமான இளைஞர்களைத் தங்கவைத்தார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். போரால் பட்டினியில் வாடும் ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று கண்டுபிடிக்க, தாங்களே அரைப்பட்டினி கிடக்க முன்வந்தார்கள். ஆறு மாதம் குறைந்த உணவு. எடையில் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று.

எடை குறைந்தது யாரும் எதிர்பார்த்ததுதான். மனத்துக்கு நேர்ந்ததைத்தான் கவனிக்க வேண்டும். பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே ஆயிற்று. அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள், குறிப்புகளைப் பிரதி எடுத்தார்கள். கிடைத்த கொஞ்ச உணவைத் துண்டு துண்டாக்கி, தண்ணீர் கலந்து, மணிக்கணக்கில் உருட்டித் தின்றார்கள். தட்டை நக்கினார்கள். கோடையிலும் குளிர்ந்தது. நண்பர்கள், காதல், சிரிப்பு எல்லாவற்றிலும் பிடிப்பு விட்டுப்போயிற்று. எரிச்சல், சோர்வு, தனிமை. இத்தனைக்கும் மன உறுதி சோதிக்கப்பட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

அல்வா கிளறிய பெண்ணை இப்போது பாருங்கள். அவளுடைய 'வினோதப் பழக்கங்கள்' பாதிக்கு மேல் பட்டினி கிடக்கும் மூளை செய்யும் வேலை. குணக்கேடும் இல்லை, பிடிவாதமும் இல்லை. மினசோட்டா இளைஞர்களுக்கும் அவளுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அவர்கள் ஆய்வு எப்போது முடியும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ சாப்பிடாமல் இருக்கும்போதுதான் பதற்றம் தணிகிறது; ஒரு வாய் கூடுதலாக உண்டால் குற்ற உணர்வு பிடுங்குகிறது. உண்ணாததால் மூளை இறுகுகிறது, இறுகிய மூளை இன்னும் உண்ண விடுவதில்லை. டயட்டாகத் தொடங்கியது ஒரு கட்டத்தில் தானே ஓட ஆரம்பிக்கிறது. தொடக்கம் பல நேரங்களில் சாதாரணமாகவே இருக்கும்: யாரோ செய்த கிண்டல், ஒரு காய்ச்சலில் குறைந்த எடை, பொதுத்தேர்வுப் பதற்றம், நடன அரங்கேற்றம், விளையாட்டுப் போட்டி.

அதே கிண்டலைக் கேட்ட பத்துப் பேரில் ஒருத்திக்கு மட்டும் ஏன் நோயாகிறது? இதில் பிறப்பிலேயே வரும் பங்கு கணிசமானது. 2019-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, அனோரெக்சியா உள்ள ஏறத்தாழ 17,000 பேரின் மரபணுக்களைப் பார்த்து, நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் கண்டது. மனநோய்களோடு தொடர்புடைய மரபுக்கூறுகள் மட்டுமல்லாமல், உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதத்தோடு தொடர்புடையவையும் அதில் இருந்தன. 'நான்தான் சரியாக வளர்க்கவில்லை' என்று அழும் அம்மாக்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தட்டைப் பார்ப்பது எப்படி

எடை எந்திரம் காட்டும் எண்ணை நம்பிக் காத்திருந்தால் தாமதமாகிவிடும். முதலில் மாறுவது சாப்பாட்டோடு இருக்கும் உறவு.

வழக்கமாக ஒவ்வொன்றாகக் கழியும். முதலில் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும். யாரும் கேட்க மாட்டார்கள், நல்லதுதானே என்று இருப்பார்கள். அப்புறம் நெய், தேங்காய். அப்புறம் சோறு. 'நான் இனிமேல் சைவம்', 'பால் எனக்கு ஒத்துக்கலை', 'மைதா விஷம்' என்று ஒவ்வொன்றுக்கும் மறுக்க முடியாத காரணம் இருக்கும். காரணம் ஒவ்வொன்றும் சரியாகக்கூட இருக்கலாம். வேண்டாம் என்று ஒதுக்குபவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறதா, சுருங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். விருப்பத்தால் சைவமானவர் பருப்பும் பனீரும் கூடுதலாகக் கேட்பார். நோயால் சைவமானவர் அதையும் வேண்டாம் என்பார்.

சாப்பிடும் விதமும் மாறும். ஓர் இட்லியை இருபது துண்டாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் தட்டின் விளிம்புக்குத் தள்ளி, அரை மணி நேரம் விரலால் அளைந்துகொண்டிருப்பார்கள். எல்லோரும் உட்காரும் நேரத்தில் குளிக்கப் போவார்கள், இல்லையென்றால் படிக்க இருக்கும். கல்யாண வீட்டுப் பந்திக்கு முன்னால் வயிற்றுவலி வரும். ஒரு குறிப்பிட்ட தட்டு, குறிப்பிட்ட கரண்டி, குறிப்பிட்ட நேரம். அது பிசகினால் அழுகை. அம்மா குழம்பில் எத்தனை கரண்டி எண்ணெய் விட்டார் என்று அடுப்படியில் நின்று கவனிப்பார்கள். சாப்பிட்டதும் படியேறி இறங்கல், நடை, உட்காராமல் நின்றே படித்தல். காய்ச்சலிலும் உடற்பயிற்சியை விட முடியாமல், ஒரு நாள் விட்டுப்போனால் பதறுவது வெறும் ஆர்வமல்ல. சாப்பிட்ட கையோடு குளியலறைக்குள் போய் நெடுநேரம் இருப்பது, வாந்தி எடுப்பதற்கோ பேதி மருந்துக்கோ அடையாளமாக இருக்கலாம். அனோரெக்சியாவில் ஒரு வகையினருக்கு இதுவும் உண்டு.

உடம்பு தன் பங்குக்குச் சொல்லும். எப்போதும் குளிர், கை கால் சில்லிடுதல், எழுந்தால் தலைசுற்றல், மலச்சிக்கல், தூக்கமின்மை, சீப்பில் கொத்தாக முடி. தலையில் முடி உதிர, கன்னத்திலும் கையிலும் பச்சைக் குழந்தைக்கு இருப்பதுபோல மெல்லிய பூனைமுடி வளர்வதும் உண்டு. மாதவிடாய் தள்ளிப்போய், பின் நின்றுவிடும். இந்த இடத்தில் நம் ஊரில் உடனே 'பிசிஓடியா இருக்கும், எடையைக் குறை' என்று அக்கம்பக்கத்தில் அறிவுரை வந்துவிடும். எடை குறைந்ததாலேயே நின்றுபோன மாதவிடாய்க்கு இதைவிட ஆபத்தான அறிவுரை இருக்க முடியாது.

நம் வீடுகளில் நோய் ஒளிந்துகொள்ள நல்ல மறைவிடங்கள் இருக்கின்றன. விரதம் அதில் ஒன்று. வாரத்தில் ஒரு நாள் என்று இருந்தது மூன்று நாளாகி, எந்தத் தெய்வத்துக்கு என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாமல் போகும்போது கொஞ்சம் கவனிக்கலாம். விரதம் இருப்பவர் மறுநாள் காலை பாரணையில் வயிறாரச் சாப்பிடுவார். இவர்களுக்கு மறுநாள் வராது.

வயிறு இன்னொரு மறைவிடம். 'குண்டாகிவிடுவேனோ' என்ற பயத்தை வாய்விட்டுச் சொல்லாமல், 'வயிறு உப்புசமா இருக்கு, இறங்க மாட்டேங்குது' என்று மட்டும் சொல்பவர்கள் ஆசிய நாடுகளில் நிறையப் பேர் என்பதை ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990-களில் விரிவாக எழுதினார். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1995-இல் பதிவுசெய்த ஐந்து இளம்பெண்களும் ஏறக்குறைய அப்படித்தான்: உணவு மறுப்பு, வாந்தி, எடை இழப்பு எல்லாம் உண்டு, உருவத்தைப் பற்றிய பேச்சு இல்லை. உப்புசம் பொய்யும் அல்ல. பட்டினியால் இரைப்பை மந்தமாகி, கொஞ்சம் உண்டாலே கல்போல நிற்கும். ஆனால் இப்படிப்பட்டவர்கள் எண்டோஸ்கோப்பி வரை எல்லாம் எடுத்து, 'ஒன்றும் இல்லை' என்ற சீட்டோடு வீடு திரும்பிவிடுகிறார்கள்.

இன்னொரு மறைவிடம் நம் கண்தான். ஒல்லியானவருக்கு மட்டுமே இது வரும் என்று நினைக்கிறோம். பருமனாக இருந்த ஒருவர் சில மாதங்களில் மளமளவென்று இளைத்து, பார்வைக்கு 'சரியான எடையில்' நிற்கும்போதே நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம். பையன்களிடம் இது 'ஃபிட்னஸ்' என்ற பெயரில் வருவதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

இதயம் காத்திருப்பதில்லை

கேரன் கார்ப்பென்டர் 1970-களில் புகழின் உச்சியிலிருந்த அமெரிக்கப் பாடகி, நல்ல டிரம்ஸ் கலைஞர். பல ஆண்டுகள் அனோரெக்சியாவோடு போராடி, 1982-இல் நியூயார்க்கில் சிகிச்சை பெற்று, கொஞ்சம் எடையும் கூடித் திரும்பினார். 1983 பிப்ரவரி 4 அன்று பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. வயது 32. அதற்குப் பிறகுதான் அமெரிக்க வீடுகளில் பலர் இந்த நோயின் பெயரையே முதன்முதலாகக் கேட்டார்கள்.

பட்டினியில் உடல் தசையைத் தின்னும், இதயமும் தசைதான். துடிப்பு மெதுவாகும், ரத்த அழுத்தம் இறங்கும். வாந்தியும் பேதி மருந்தும் சேர்ந்தால் பொட்டாசியம் குறைந்து துடிப்பின் தாளமே தவறும். எலும்பு வலுப்பெற வேண்டிய வயதில் வலுவிழக்கும். மனநோய்களில் உயிரிழப்பு விகிதம் மிக அதிகமானவற்றுள் இது ஒன்று. அந்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தற்கொலை என்று 2011-இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை சொல்கிறது. ஆகவே 'சாப்பாட்டு விஷயம்தானே' என்று ஒதுக்க வழியில்லை. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதை வைத்தும் நிம்மதியடைய முடியாது. உடல் கடைசிவரை கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம், குழப்பமான பேச்சு, தண்ணீரையும் மறுப்பது, சாவைப் பற்றிப் பேசுவது: இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. தரையில் குந்தி உட்கார்ந்தவரால் கையூன்றாமல் எழ முடியவில்லை என்றாலும் அப்படித்தான். தசை எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க மருத்துவர்களே வைத்திருக்கும் சோதனை அது.

என்ன பேசுவது, எங்கே போவது

சாப்பாட்டு வேளையில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். தட்டுக்கு முன்னால் அவர்களுக்கு ஏற்கெனவே போர் நடந்துகொண்டிருக்கிறது. 'எலும்பும் தோலுமா ஆயிட்டே' என்றால் நமக்குக் கவலை, நோய்க்கு அது பரிசு. 'இப்பத்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கே, நல்லா இருக்கே' என்று சொல்லிவிட்டால் அன்றிரவே சாப்பாடு நின்றுபோகும். உடம்பை விட்டுவிட்டு, பார்த்ததைச் சொல்லுங்கள்: "இப்பல்லாம் நீ எங்களோட உட்கார்ந்து சாப்பிடறதில்லை. மே மாசத்துல குளிருதுங்கறே. தூங்கவும் மாட்டேங்கறே. எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்ட ஒருதரம் போய்ட்டு வரலாம், நானும் வரேன்." மறுப்பு வரும், கோபம் வரும். 'எனக்கு ஒண்ணும் இல்லை' என்பது இந்த நோயின் அடையாளங்களுள் ஒன்று. விவாதத்தில் ஜெயிக்கப் பார்க்காமல் இன்னொரு நாள் மறுபடி கேளுங்கள்.

பயந்துபோய் ஒரே நாளில் பிரியாணியும் பாதாம் பாலுமாக ஊட்டித் தள்ளுவதும் தவறு. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று சரிந்து இதயம் பாதிக்கப்படும். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகள் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்தது இதனால்தான். மிகவும் இளைத்தவருக்கு எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பொது மருத்துவர் அல்லது குழந்தைகள் நல மருத்துவர். நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் உப்புகளின் அளவு, இத்தனையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கிருந்து மனநல மருத்துவரிடம். அனோரெக்சியாவைக் குணமாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து கொடுக்கலாம். முதல் மருந்து உணவுதான்.

அதை யார் தருவது? வில்லியம் கல் தன் காலத்தில், உற்றார் உறவினரைவிட மோசமான பராமரிப்பாளர் இல்லை என்ற எண்ணத்தில் எழுதினார். நூறு வருடத்துக்கும் மேலாகப் பெற்றோரை வெளியே நிறுத்துவதே வழக்கமாக இருந்தது. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் அதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். இன்று பதின்வயதினருக்கு மிக நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் காட்டும் முறை அதிலிருந்து வளர்ந்தது. கொஞ்ச காலம் என்ன, எவ்வளவு, எப்போது என்பதையெல்லாம் அம்மா அப்பா முடிவுசெய்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்கள். உடல் தேறத் தேற அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறார்கள். கேட்க எளிது. இரண்டு இட்லிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் காலைகள் உண்டு. தட்டு பறக்கும். அப்பா ஒரு பேச்சும் அம்மா ஒரு பேச்சும் பேசினால் நோய் அந்த இடுக்கில் புகுந்துகொள்ளும், பாட்டி 'விடுங்களேன் பாவம்' என்றாலும் அப்படித்தான். பெரியவர்களுக்கு வேறு வகை மனச் சிகிச்சைகள் இருக்கின்றன. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். முழுக்க மீண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சீக்கிரம் தொடங்கினால் வழி சுருக்கம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. இலவசம், எந்நேரமும், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் மருத்துவ உதவி எண்ணான 104-க்கும் அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. பிள்ளை வரவே மாட்டேன் என்றால் பெற்றோர் மட்டும் முதல் தடவை மருத்துவரைப் பார்த்துவிட்டு வரலாம்.